மக்காச்சோளக் காட்டில் இரண்டு விடை

அந்த வருஷம் கார்த்திகையோடு மழை நின்றுபோனது. பசுவந்தனைப் பக்கம் எங்களுக்கு இருக்கும் மூன்று ஏக்கர் கரிசலில் மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டி நின்றது. கதிர் பால் பிடிக்கும் நேரம். காலையில் விறைப்பாக நிற்கும் தோகை பதினோரு மணிக்கெல்லாம் சுருள ஆரம்பித்துவிடும். இரண்டு தண்ணீர் பாய்ந்தால் கதிர் முற்றிவிடும், இல்லையென்றால் மாட்டுக்கு வெட்டிப் போட வேண்டியதுதான் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கணிதம் படித்து முடித்து பதின்மூன்று வருஷம் கழித்து, ஆசிரியர் தேர்வு எழுதிப் பார்ப்போம் என்று ஓர் ஆசை வந்திருந்தது. படிக்கக் கிடைத்த இடம் டவுன் பஸ். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் வழிகாட்டிப் புத்தகம், அதன்மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு.

மார்கழியில் முக்கோணவியல் வந்தது. அதிலும் செங்கோணம் இல்லாத முக்கோணங்களைப் பற்றிய வாக்கியக் கணக்குகள். ஒரு கப்பல் இந்தத் திசையில் இத்தனை மைல் போகிறது, பிறகு திரும்பி அந்தத் திசையில் போகிறது, கலங்கரை விளக்கத்திலிருந்து இப்போது எவ்வளவு தூரம்? முதல் வாரம் எல்லாமே தப்பு. செங்கோண முக்கோணக் கணக்கில் யாரோ ஏற்கெனவே மரத்தையும் கோபுரத்தையும் நிமிர்த்தி வைத்துக் கொடுத்திருப்பார்கள். இதில் முக்கோணம் சாய்ந்து, மல்லாந்து, எப்படி வேண்டுமானாலும் கிடக்கும். எது பக்கம், எது கோணம், எது எதற்கு எதிர் என்று நாம்தான் வாக்கியத்துக்குள் இருந்து தோண்டி எடுக்க வேண்டும். இரண்டாவது வாரம் பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப்போட்ட நேரத்தில் ஒரு கணக்கு பிடிபட்டது. அதன்பிறகு பிடிபட்டுக்கொண்டே இருந்தது. எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்று பக்கத்துக்கும் ஒரே எண்தான் வரும் என்ற சைன் விதி எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோலப் பிடித்துவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு தடவை விட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நானும் என் கணவரும், அவருடைய அண்ணனும் அண்ணியும் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறோம். அண்ணனை நான் அத்தான் என்றும் அண்ணியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அத்தான் விவசாயம் பார்க்கிறார். அக்காவுக்கு முப்பது ஆடுகள். என் கணவர் கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

அத்தான் சொன்னார்: "அந்த போரு மட்டும் கண்ணுல பட்டுச்சுன்னா போதும். போன வருச மழைக்குச் சுத்துப்பக்கம் எல்லா போருலயும் தண்ணி ஏறிக் கெடக்கு. மோட்டாரு இருக்கு, கரண்டு இருக்கு, போருதான் இல்ல."

அந்த போர் கதை எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு நடுக்காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் தண்ணீர் கீழே போய்விட்டது. மோட்டாரைத் தூக்கி, பைப்புகளைத் தோண்டி எடுத்து ஆட்டுத் தொழுவத்துக்குப் போட்டாயிற்று. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று மாமனார் குழாயின் தலையை அறுத்து, மூடி போட்டு, அதன்மேல் ஒரு கடப்பாக்கல்லை வைத்து, கலப்பையில் மாட்டாதபடி இரண்டடி மண்ணும் போட்டுவிட்டார். அவர் இப்போது இல்லை. கரிசல் மண் ஒவ்வொரு கோடைக்கும் வெடித்து, ஒவ்வொரு மழைக்கும் மூடிக்கொள்வது. இரண்டு மழைக்குப் பிறகு பைப்பு போன தடம் கூடத் தெரியவில்லை.

"எங்கன இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகமே இல்லையா அத்தான்?" என்று கேட்டேன்.

"நடுக்காட்டுல. பைப்பு போட்டது நாந்தான். வரப்போரத் தண்ணித் தொட்டியில இருந்து போரு வரைக்கும் ஒம்பது பைப்பு. ஒண்ணக்கூட அறுக்கல, ஒம்பதும் முழு நீளம், வளைவில்லாம நேராப் போட்டது. அது நல்லாத் தெரியும். எந்தப் பக்கமாப் போச்சுன்னுதான் தெரியல. இப்பம் காட்டப் பாத்தா வெறும் சோளந்தான் தெரியுது."

அக்கா ஆட்டுக் கயிற்றைத் திரித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "கல்லுல இருந்து பாத்தா காத்தாடிக்கு நேராத்தான இருந்துச்சு."

"எந்தக் கல்லுக்கா?"

"தெக்கு மூலையில கெடக்குல்லா, சர்வே கல்லு. அது மேல உக்காந்துதான் ஆட்டப் பாப்பேன். மோட்டாரு ஓடுதா நின்னுட்டான்னு பாக்கக் கண்ண ஏறிட்டா, காத்தாடிக் காலும் போரு பைப்பும் ஒண்ணுமேல ஒண்ணா நிக்கும். தெனமும் பாத்ததுலா."

"எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

"தூரத்த யாரு அளந்தா. நேரா இருந்துச்சு, அம்புட்டுதான்."

எனக்கு உடம்பு முழுக்க ஒரு பரபரப்பு ஏறியது. கல் ஒரு முனை. தொட்டி ஒரு முனை. போர் மூன்றாவது முனை. கல்லிலிருந்து தொட்டி வரை வரப்பு ஓடுகிறது, அளந்துவிடலாம். தொட்டியிலிருந்து போர் ஒன்பது பைப்பு. கல்லில் நின்று வரப்புக்கும், காற்றாடி என்று நாங்கள் சொல்லும் தூரத்துக் காற்றாலைக்கும் நடுவில் இருக்கும் கோணத்தையும் அளந்துவிடலாம். இரண்டு பக்கம், ஒரு கோணம். கப்பலும் கலங்கரை விளக்கமும் இல்லாமல் ஒரு வாக்கியக் கணக்கு எங்கள் வாசலில் வந்து விழுந்திருந்தது.

"அத்தான், நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருவேன்" என்றேன்.

அத்தான் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "ஒம்பது பைப்புன்னா நூத்தி எம்பது அடின்னு போட்டுறாத. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருவும்லா. ஒரு மூட்டுக்கு நாலு இஞ்சி உள்ள போயிரும்" என்றார். ஒன்பது பைப்புக்கு எட்டு மூட்டு, எட்டு நான்கு முப்பத்திரண்டு அங்குலம். ஏறக்குறைய மூன்று அடி. நூற்று எழுபத்தேழு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தீப்பெட்டி பண்டல் வைக்கும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, அதில் நூல் கட்டி அரைவட்டம் போட்டேன். மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த சின்னக் கோணமானியை நடுவில் வைத்து, டிகிரி டிகிரியாக விளிம்பு வரை கோடு இழுத்தேன். காலை எட்டு மணிக்கு நாலு பேரும் காட்டில் இருந்தோம். அக்காவின் ஆடுகளும் வந்திருந்தன.

முதலில் வரப்பை அளந்தோம். ஐம்பதடி டேப்பு, ஐந்து முழு டேப்பு. இருநூற்று ஐம்பது அடி. பிறகு நான் சர்வே கல்மேல் அட்டையை வைத்து நிமிர்ந்தால், வடகிழக்கில் பதினோரு காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இதுல எதுக்கா உங்க காத்தாடி?"

அக்கா பக்கத்தில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் உண்டு. தண்டு உருண்டையா இருக்காது, கம்பிச் சட்டமா ஏணி கணக்கா இருக்கும். அந்தா, இடதுல இருந்து நாலாவது." பதினோரு காற்றாடியில் பத்துக்கு வழவழப்பான உருண்டைத் தண்டு. நாலாவதுக்கு மட்டும் பழைய இரும்புச் சட்டம். மின்சாரக் கம்பம்போல ஊடே வானம் தெரிந்தது.

தொட்டியின் மூலையில் வெள்ளைத் துண்டைக் கட்டச் சொன்னேன். அட்டையில் குண்டூசி குத்தி, குண்டூசி வழியாகத் துண்டைப் பார்த்தேன். இன்னொரு குண்டூசி வழியாகக் காற்றாடிக் காலைப் பார்த்தேன். நாற்பது டிகிரி. அட்டையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். முப்பத்தொன்பதரை. மறுபடி. நாற்பதரை. கணவரைப் பார்க்கச் சொன்னேன். நாற்பது. நாற்பது என்று எழுதினேன்.

வேலிக்கருவேல நிழலில் உட்கார்ந்து போட்டேன். இருநூற்று ஐம்பதை நாற்பதின் சைனால் பெருக்கி நூற்று எழுபத்தேழால் வகுத்தால், போர் இருக்கும் முனையின் கோணத்துக்கு சைன் கிடைக்கும். கோணம் அறுபத்தைந்து டிகிரி. மூன்றும் சேர்ந்தால் நூற்றெண்பது, ஆகவே தொட்டி முனையில் எழுபத்தைந்து. மறுபடி சைன் விதி. கல்லிலிருந்து காற்றாடியைப் பார்த்து இருநூற்று அறுபத்தாறு அடி.

"எரநூத்தி அறுவத்தி ஆறு அடி" என்று எழுந்து நின்றே சொன்னேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அக்காவிடம் ஆட்டுக்குக் குழை பறிக்கும் நீளத் தொரட்டி இருந்தது. அதன் நுனியில் சிவப்புத் துண்டைக் கட்டி என் கணவர் சோளத்துக்குள் போனார். ஆள் மறைந்துவிட்டார், துண்டு மட்டும் சோளப் பூவுக்கு மேலே ஆடிக்கொண்டு போனது. நான் கல்லில் நின்றபடி, துண்டு காற்றாடிக் காலை விட்டு விலகும்போதெல்லாம் கத்தினேன். "வலப் பக்கம் வாங்க. இன்னும். நில்லுங்க." அத்தான் பின்னாலேயே டேப்பு பிடித்துப் போனார். கடைசியில் உள்ளேயிருந்து, "இந்தா இங்கன" என்று சத்தம் வந்தது.

காய்ந்த கரிசலில் கடப்பாரை சும்மா இறங்காது. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குத்த வேண்டும். இரண்டடி ஆழம் இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் இல்லை. இரண்டடி தள்ளி இன்னொரு குழி. ஒன்றும் இல்லை. ஒரு டிகிரி பிசகினால் சில அடி பிசகும் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தோண்டச் சொன்னேன். மணி பன்னிரண்டைத் தாண்டியது. பத்துப் பதினைந்து சோளத் தட்டை ஒடிந்து கிடந்தது. அத்தான் கடப்பாரையை ஊன்றிவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"விட்டுரும்மா. புஸ்தகத்துல போடுத கணக்கு வேற, காடு வேற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

நிழலுக்கு வந்து தூக்குவாளியைத் திறந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. நோட்டை எடுத்து மறுபடி மறுபடி போட்டேன். பெருக்கல் சரி. வகுத்தல் சரி. சைன் அட்டவணை சரி. எங்கேயும் தப்பில்லாத ஒரு கணக்கு தப்பாக வந்திருந்தது.

அக்கா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, நீ தோண்டச் சொன்ன எடம் ரொம்ப உள்ளால்ல போயிட்டு. போருகிட்டயே ஒரு வால்வு உண்டுலா, அதத் தொறந்தா தண்ணி விழுத சத்தம் கல்லுல எனக்கு நல்லாக் கேக்கும். இவிய அங்கன குளிச்சுக்கிட்டே தனக்குத்தானப் பேசுதது கூடக் கேக்கும்."

"நான் எப்ப தனக்குத்தானப் பேசுனேன்" என்றார் அத்தான்.

"தெனமும்தான்."

நான் சிரிக்கக்கூட இல்லை. கிட்டத்தில் என்றால் எவ்வளவு கிட்டத்தில்? ஏன் கிட்டத்தில்? எண்களை விட்டுவிட்டு வரைந்து பார்ப்போம் என்று தோன்றியது. ஒரு குச்சியால் மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தேன், அது வரப்பு. ஒரு முனையில் கல், மறுமுனையில் தொட்டி. கல் முனையிலிருந்து அட்டையை வைத்து நாற்பது டிகிரியில் இன்னொரு கோடு, அது காற்றாடி. அக்காவிடம் ஆட்டுக் கயிறு ஒன்று வாங்கினேன். வரப்புக் கோடு இருபத்தைந்து சாண் என்றால் கயிறு கொஞ்சம் குறையப் பதினெட்டுச் சாண். கயிற்றின் ஒரு முனையைத் தொட்டியில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையில் குச்சியைக் கட்டி மண்ணில் வட்டமாக இழுத்துக்கொண்டே போனேன்.

குச்சி காற்றாடிக் கோட்டை ஓரிடத்தில் வெட்டியது. அதுதான் நாங்கள் காலையில் தோண்டிய இடம். கை நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. வட்டம் கோட்டைத் தாண்டி வெளியே போய், வளைந்து, திரும்பி வந்து, கோட்டை இன்னொரு முறை வெட்டியது. கல்லுக்கு ரொம்பப் பக்கத்தில்.

நான் குச்சியைப் போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தைந்து டிகிரிக்கும் நூற்றுப் பதினைந்து டிகிரிக்கும் சைன் ஒன்றே. சைனைக் கொடுத்துக் கோணம் கேட்டால் அட்டவணை குறுங்கோணத்தைத்தான் காட்டும். விரிகோணத்தை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். வழிகாட்டியில் 'இரு விடை வரும் நிலை' என்று அரைப் பக்கம் இருந்தது. தேர்வில் அதிகம் கேட்பதில்லை என்று நான் அதைப் புரட்டிவிட்டுப் போயிருந்தேன். கணக்கு தப்பாக வரவே இல்லை. பாதிதான் போட்டிருந்தேன்.

"என்னட்டி, மயக்கமா வருதா?" என்றார் அக்கா.

"ரெண்டு வெடைக்கா. இந்தக் கணக்குக்கு ரெண்டு வெடை உண்டு. நான் ஒண்ணத்தான் பாத்தேன்."

நோட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துப் போட்டேன். போர் முனை நூற்றுப் பதினைந்து, கல் முனை நாற்பது, தொட்டி முனைக்கு மிச்சம் இருபத்தைந்து. கல்லிலிருந்து நூற்றுப் பதினேழு அடி.

அத்தான் தயங்கினார். "இன்னும் பத்துத் தட்டைய மிதிக்கவா?"

"காஞ்சு போற தட்டைதான" என்று அக்கா எழுந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையை அவரே எடுத்தார். "அவ சொல்லுத எடம் எனக்குச் சரியாப் படுது. சத்தம் அங்கன இருந்துதான் வரும்."

மறுபடி சிவப்புத் துண்டு சோளத்துக்கு மேலே போனது. மறுபடி நான் கல்மேல் நின்று வலமும் இடமும் கத்தினேன். இந்தத் தடவை துண்டு சீக்கிரமே நின்றுவிட்டது. என்னால் கல்லில் நிற்க முடியவில்லை. சோளத் தோகை கையையும் கழுத்தையும் கீறக் கீற உள்ளே ஓடினேன்.

முதல் குழியில் ஒன்றும் இல்லை. என் கணவர் கல்லின் பக்கமாக இரண்டடி தள்ளித் தண்ணீர் ஊற்றினார். அக்கா குத்தினார். பத்துக் குத்து, இருபது குத்து, ஈர மண்ணில் புதையும் அதே மொத்தைச் சத்தம். மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி குத்தியபோது, 'ணங்' என்று கேட்டது.

அக்கா நிறுத்தினார். எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடி மெதுவாகக் குத்தினார். 'ணங்.'

அதன்பிறகு மண்வெட்டி, கை, எது கிடைத்ததோ அதால் தோண்டினோம். என் நகத்துக்குள் எல்லாம் கரிசல். கடப்பாக்கல்லின் கறுப்பு மூலை தெரிந்தது. அத்தான் அதைக் கையால் தடவித் துடைத்தார். மூலையில் சின்னதாக ஓர் உடைசல் இருந்தது. "இது நம்ம பழைய வீட்டுப் படிக்கல்லு. அப்பாதான் தூக்கிட்டு வந்தாவ" என்றார். குரல் இறங்கியிருந்தது. என் கணவர் அண்ணன் தோளில் கை வைத்தார்.

கல்லைப் புரட்டி, மூடியைக் கழற்றியதும் குழாய் வாய் திறந்தது. உள்ளே இருட்டு. குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டது. என் கணவர் ஒரு சின்னக் கல்லைப் போட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றோம். சற்று நேரத்தில் அடியில் 'களக்' என்று தண்ணீர்ச் சத்தம் வந்தது.

அக்கா என்னைப் பிடித்து உலுக்கினார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அத்தான் என்னைப் பார்த்து, "அந்தக் கயித்துப் படத்த எனக்கும் ஒருக்கக் காட்டும்மா" என்றார். நிழலுக்குப் போய் மறுபடி கயிற்றை இழுத்து வட்டம் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வெட்டு வரும்போது அவர், "அட" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை கம்ப்ரசர் வண்டி வந்து குழாயைச் சுத்தம் செய்தது. முதலில் சேறாக வந்தது, பிறகு வெள்ளையாக வந்தது. புதன்கிழமை மோட்டார் இறங்கியது. நான் அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடி முதல் பாத்தியில் நுழைந்தது. கரிசல் வெடிப்புகள் அதை வந்த வேகத்திலேயே குடித்தன, அரை மணி நேரம் ஆகியும் ஒரு பாத்தி நிறையவில்லை. சாயங்காலத்துக்குள் எட்டுப் பாத்தி பாய்ந்தது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்த எட்டுப் பாத்தியில் மட்டும் தோகை சுருளவில்லை.

கதிர் எல்லாம் முற்றியது என்று சொல்ல மாட்டேன். மேட்டுப் பக்கம் ஒரு கால்பங்கு பொக்காகத்தான் போனது. மீதி தேறியது.

அடுத்த வாரம் ஊரில் இன்னொரு விவசாயி வீட்டுக்கு வந்தார். அவருடைய கிணறு கண்மாய்க்கு அந்தப் பக்கம், காடு இந்தப் பக்கம். கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, உள்ளே இறங்கி அளக்க முடியாது. குறுக்கே ஹோஸ் போட எத்தனை அடி வாங்க வேண்டும் என்று தெரியவில்லை.

"போரு கண்டுபிடிச்ச மாரி இதையும் சொல்லீருவீங்களாம்லா" என்றார் என்னிடம்.

கரை மடங்கும் இடத்திலிருந்து கிணறு வரைக்கும் கரைமேலேயே அளந்துவிடலாம். அதே இடத்திலிருந்து காடு வரைக்கும் அளந்துவிடலாம். நடுவில் ஒரு கோணம். இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும். சைன் விதி இங்கே உதவாது, கொசைன் விதி வேண்டும், இதற்கு ஒரே விடைதான். அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே எனக்குப் படம் வந்துவிட்டது.

"டேப்பு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"அப்பம் வாங்க, வெயிலு ஏறுததுக்கு முந்திப் போயிருவோம்" என்று அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே அக்காவும் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.